சிற்றுயிர்ச் சுவடுகளும் பாறையின் வயதும்: ஒரு மதிப்பீடு

கட்டவிழ்ந்து சிதறிய ஏட்டுச்சுவடியொன்றை ஏட்டெண்களைக் கொண்டு மீண்டும் முறைப்படுத்தலாம். எந்த ஏடு முந்தியது, எது பிந்தியது என்பதை அவ்வெண்கள் ஐயமின்றி உணர்த்தும். ஆயினும் அச்சுவடி எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதை அவை உணர்த்தமாட்டா. புவியின் அடையற் பாறைகளாகிய பெருஞ்சுவடிக்கு ஏட்டெண் போல அமைந்தவை, கடல்நீரில் மிதந்து வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளாகும். அவற்றைக் கொண்டு பாறையின் வயதைத் துணிகின்றோம் எனப் புவிச்சரிதவியலார் கூறுவர். அக்கூற்று எத்துணை உண்மை, எவ்விடத்தில் மிகை என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

பிளாந்தன் என விஞ்ஞானிகள் வழங்கும் மிதவையுயிர்களுள் இருவகை இவ்வாராய்ச்சிக்குச் சிறப்பாகப் பயன்படுகின்றன. ஒன்று, போராமினிபெரா என்னும் ஒருகல உயிர். அதன் ஓடு பெரும்பாலும் மணற்பருக்கையளவினது. மற்றையது, கொக்கோலித்து எனப்படும் சுண்ணாம்புத் தகடுகளால் தன்னை மூடிக்கொள்ளும் பாசியினம். அத்தகடுகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கைக் கொண்டு அளக்கத்தக்க சிறுமையுடையன. 1836 இல் இத்தகடுகளைச் சீமைச்சுண்ணாம்பிற் கண்ட ஏரன்பேர்க்கு அவற்றை உயிரற்ற பொருளென்றே கருதினார். அவை உயிரின் ஆக்கமென்று 1861 இல் சோபி எடுத்துக்காட்டினார். குளோபிசெரினா என்னும் போராமினிபெரா கடலடியில் வாழ்வதா, நீரின் மேற்பரப்பில் வாழ்வதா என்ற வழக்கும் நெடுநாள் நிலவியது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த ‘சலஞ்சர்’ கப்பலில் மேற்பரப்பு நீரை வலையிட்டு அரித்துப் பார்த்தபோதே அவ்வையம் தீர்ந்தது.

மேற்பரப்பில் மிதப்பது என்னும் இவ்வுண்மையே முழுமுறைக்கும் ஆதாரமாகும். கடலடியில் ஊர்ந்து வாழும் உயிர் தன் தரையின் இயல்பையும் ஆழத்தையும் சார்ந்தது. சேறு மணலாக மாறின் அது மறைந்துவிடும். அத்தகைய மறைவு காலமாற்றத்தைக் காட்டாது, இடமாற்றத்தையே காட்டும். மிதவையுயிரோ நீரோட்டத்தோடு பல கடல்களுக்கும் பரவி, இறந்தபின் எத்தரையாயினும் அதன்மீது வீழ்ந்து படிகின்றது. கூர்ப்பின் விரைவும் இதனோடு சேர்கின்றது. ஓரினம் தோன்றுதலும் அழிதலும் புவிச்சரிதக் கணக்கிற் குறுகிய காலத்துள் நிகழ்ந்துவிடுதலால், அதன் தோற்றமும் மறைவும் இரு எல்லைக்கற்கள் ஆகின்றன. உயிர்கள் நுண்ணியன ஆதலின், துளைக்கருவி மேலே கொணரும் கைப்பிடியளவு கல்லிலும் அவை ஆயிரக்கணக்கிற் கிடைக்கும். 1957 இல் திரினிதாத்துத் தீவின் பாறைகளைக் கொண்டு போல்லி என்பார் வகுத்த போராமினிபெரா வலயங்கள், எண்ணெய்க்கிணறு தோண்டுவோர்க்கும் கல்விசார் ஆராய்ச்சியாளர்க்கும் ஒருங்கே பயன்பட்டமைக்குக் காரணம் இதுவே.

இம்முறையின் ஆற்றலை ஐயுறுவோர் 1968 ஆம் ஆண்டின் இறுதியில் ‘குளோமார் சலஞ்சர்’ கப்பல் தென் அத்திலாந்திக்கிற் செய்த துளையீடுகளை நோக்குதல் தகும். கடற்றரை நடுமலைத்தொடரிலிருந்து இருபுறமும் விரிந்து செல்கின்றதாயின், எரிமலைப் பாறைக்கு நேர்மேலே கிடக்கும் முதற்படிவு, தொடரிலிருந்து விலகுந்தோறும் முதுமையுடையதாதல் வேண்டும். துளைகள் வெளிக்கொணர்ந்த அடிப்படிவுகளின் காலத்தை மிதவையுயிர்ச் சுவடுகளைக் கொண்டு துணிந்தபோது, தூரம் கூடக்கூட முதுமையும் ஒரே சீராகக் கூடியது. காந்த அளவீடுகள் முன்னரே கூறியிருந்த விரிவுவேகத்தோடு அது பொருந்தியது. ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் ஒரே விடையைத் தருதலே விஞ்ஞானத்தில் உறுதி எனப்படும்.

எனினும் முறையின் குறைகளை மறைத்துப் புகழ்தல் அதற்குச் செய்யும் தொண்டாகாது. முதலாவதாக, பழைய பாறை அரிப்புண்டு, அதிலுள்ள ஓடுகள் புதிய படிவிற் கலத்தல் உண்டு. அவற்றை நம்பினால் இளைய பாறை முதியதாகிவிடும். இரண்டாவதாக, ஆழ்கடலிற் குறித்த மட்டத்தின் கீழ்ச் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்தொழிகின்றன. அங்கே சுவடின்மை உயிரின்மைக்குச் சான்றாகாது. மூன்றாவதாக, வெப்பக்கடலில் வாழும் இனம் குளிர்கடலை அடையப் பல்லாயிரம் ஆண்டு தாமதித்தல் கூடும், அன்றி ஒருபோதும் அடையாமலும் விடலாம். ஆதலின் ஓரினத்தின் முதற்றோற்றம் எங்கும் ஒரே காலத்ததென்று கொள்ளலாகாது. நான்காவதாக, எண்ணெய்க்கிணற்றில் மேற்பகுதிக் கற்றூள் கீழே சரிந்து கலத்தலால், அங்கே ஓரினத்தின் முதற்றோற்றத்தை நம்பலாகாது. துளை மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும்போது அது முதன்முதலிற் காணப்படும் மட்டத்தையே, அஃதாவது அதன் இறுதி மறைவையே, அறிந்தோர் நம்புவர்.

மற்றொரு குற்றச்சாட்டும் மாணவர் பலரால் எழுப்பப்படுவது. பாறையைக் கொண்டு சுவட்டின் காலத்தையும், சுவட்டைக் கொண்டு பாறையின் காலத்தையும் கூறுதல் வட்டமாகச் சுழலும் வாதமன்றோ என்பதே அது. சுவடுகளின் முறைவரிசை எவருடைய ஊகத்தினின்றும் பிறந்ததன்று. குலையாத அடுக்கிற் கீழது முந்தியது, மேலது பிந்தியது என்னும் நேர்க்காட்சியினின்று அது பிறந்தது. தொலைவிலுள்ள பல கடல்களின் அடுக்குகளில் மீட்டும் மீட்டும் சோதிக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கோ எரிமலைச் சாம்பலிலுள்ள பொற்றாசியம் ஆகனாக மாறும் வீதம் முதலிய வேறு வழிகளால் வருவது. ஆதலின் வட்டவாதம் என்னும் குற்றம் நில்லாது. ஆனால் அக்குற்றச்சாட்டுக்கு இடமளிப்பவர் சிலர் உளர்: முறைவரிசையையும் ஆண்டுக் கணக்கையும் வேறுபிரித்துக் கூறாத நூலாசிரியரே அவர்.

இவ்வேறுபாட்டின் அருமையை இத்தாலியிலுள்ள குப்பியோ நகரத்தருகே உள்ள மலையிடுக்கு நன்கு விளக்கும். அங்கே செவ்விய சுண்ணாம்புக்கல் அடுக்குகளினிடையே ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் தடிப்புள்ள களிமண் படை ஒன்று உள்ளது. அதன்கீழ்க் கிரித்தேசியக் காலத்துப் பெரிய போராமினிபெரா பல்கிக் கிடக்கின்றன. அதன்மேல் அவை இல்லை, மிகச்சிறிய புதிய இனங்களே உள்ளன. இம்மாற்றத்தை லுற்றர்பாகர், பிரெமோலி சில்வா என்னும் இருவரும் 1964 இல் நுணுகி விவரித்தனர். எல்லை எங்குளது என்பதைச் சிற்றுயிர்கள் விரலாற் சுட்டுவதுபோலச் சுட்டின. ஆனால் அக்களிமண் படிய ஓராண்டு சென்றதா, ஓராயிரம் ஆண்டு சென்றதா என்னும் வினாவுக்கு அவை வாய்திறக்கவில்லை. அவ்வினாவுக்கு விடைகாணவே அல்வாரெசு தந்தையும் மகனும் தம் துணைவர் இருவரோடு அப்படையில் இரிடியத்தை அளந்தனர். விண்டுகள் ஒரே சீராக வீழ்வதாயின் இரிடியத்தின் அளவு காலத்தின் அளவாகும் என்பது அவர்தம் எண்ணம். கண்டதோ சூழவுள்ள பாறையினும் ஏறக்குறைய 30 மடங்கு இரிடியம். விண்கல் மோதலே அழிவுக்குக் காரணம் என்ற கருத்து 1980 இல் வெளிவந்தது இவ்வாறே. ஒரு முறையின் எல்லையை நேர்மையாக ஒப்புக்கொண்டமையே புதிய உண்மைக்கு வாயிலாயிற்று.

அவ்வெல்லையின் வயது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு என இன்று கூறப்படுகின்றது. இவ்வெண்ணுக்குத் துணையான சிறந்த அளவீடுகளுட் சில, அமெரிக்காவின் மொன்டானாவில் நிலக்கரிப் படைகளினிடையே கிடக்கும் எரிமலைச் சாம்பலிலிருந்து 2013 இல் வெளியிடப்பட்டவை. அவை நிலத்திற் படிந்த அடுக்குகள். குப்பியோவின் கடற்பிளாந்தன் அங்கில்லை. இரிடியமும் காந்தத்திசை மாற்றமுமே ஈரிடங்களையும் இணைக்கும் பாலங்கள். ஆகவே “போராமினிபெரா அவ்வெல்லையின் வயதைக் கூறிற்று” என எழுதுதல் பிழையாகும். அது இடத்தைக் கூறிற்று. வயதைச் சாம்பல் கூறிற்று.

இனி, முறையைக் கையாளும் மனிதரின் குறையும் கருதத்தக்கது. தூனிசியாவின் எல் கெப் என்னுமிடம் இவ்வெல்லைக்கு உலகத்தின் நியமத்தலமாகக் கொள்ளப்பட்டது. அங்கே இனங்கள் படிப்படியாக மறைந்தன எனக் கெல்லரும், எல்லையிலேயே பெரும்பாலும் ஒருங்கழிந்தன எனச் சிமிற்றும் வாதிட்டனர். வழக்கைத் தீர்க்க, அத்தலத்து மாதிரிகள் எம்மட்டத்தன என்பது மறைக்கப்பட்டு நடுநிலையாளர் நால்வரிடம் கொடுக்கப்பட்டன; முடிவுகள் 1997 இல் வெளிவந்தன. ஒருவர் காணாத இனத்தை மற்றொருவர் கண்டார். ஒருவர் ஓரினமாக எண்ணியதை மற்றொருவர் வேறாக எண்ணினார். இருசாராரும் தத்தம் கொள்கை வென்றதென்றே கூறிக்கொண்டனர். அரிதான இனம் அதன் உண்மை இறுதிக்கு முன்னரே பாறையில் மறைந்தாற்போலத் தோன்றும் எனச் சிக்கினரும் லிப்சும் 1982 இற் கூறிய எச்சரிக்கையை நோக்குங்கால், நால்வர் கண்டவற்றை ஒன்றுசேர்த்து மதிப்பிட்ட சிமிற்றின் பக்கமே வலிமை மிகுந்தது எனலாம். ஆயினும் வெற்றி யாருடையது என்பதினும் பெரிது, அறிஞர் தம் கண்ணையே சோதனைக்கு உட்படுத்தினர் என்பது. பெயரிடுதலில் ஒருமை இல்லாதவழிக் காலத்துணிவிலும் ஒருமை இராது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவர் தம் காலடிச் சுண்ணாம்புக்கல்லையும் இந்நோக்கில் எண்ணிப் பார்க்கலாம். மயோசீன் காலத்தது எனக் கொள்ளப்படும் அக்கல் ஆழமற்ற கடலிற் படிந்தது. அத்தகைய படிவுகளில் திறந்த கடலின் மிதவையுயிர்கள் அரியன. கடலடியில் வாழ்ந்த பெரிய போராமினிபெராவையும் சிப்பி சங்குகளையுமே சான்றாகக் கொள்ளல் வேண்டும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறவுகோல் இல்லை.

தொகுத்து நோக்கின், மிதவையுயிர்ச் சுவடுகள் தரும் முறைவரிசை, புவிச்சரிதவியல் பெற்ற கருவிகளுள் மிக நுண்ணிய ஒன்றாகும். பல இனங்களை ஒருங்கு நோக்கி, தோற்றத்தையும் மறைவையும் ஒப்பிட்டு, காந்தச் சான்றோடும் கதிர்த்தொழிற்பாட்டுக் கணக்கோடும் பொருத்திய விடத்து அதனை நம்புதல் கடன். தனியோர் இனத்தின் தனியோர் ஓட்டைக் கொண்டு ஆண்டு கூறுதல் துணிவாகுமேயன்றி அறிவாகாது. ஏட்டெண்ணை ஏட்டெண்ணாகவும் ஆண்டை ஆண்டாகவும் பிரித்துக் கற்பிக்கும் ஆசிரியர், புவிச்சரிதத்தை மட்டுமன்று, சான்றை எடைபோடும் முறையையும் மாணவர்க்குக் கற்பித்தவராவர்.