தியானமும் மூளையும்: ஒரு நூலை முன்வைத்து

வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலக் குளத்தருகே செபமாலையை முடித்த இளைஞர் ஒருவர், "சாமி, புத்த பிக்குகள் தியானம் செய்தால் மூளையே மாறுகிறதாமே! நம் செபத்தாலும் அப்படி ஆகுமா?" என்று வினவினார். விடை தேடி, டேனியல் கோல்மன், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும் 2017-இல் வெளியிட்ட 'ஆல்டர்ட் டிரெய்ட்ஸ்' என்னும் ஆங்கில நூலைப் படித்தோம்.

நூலின் முதற்சிறப்பு அதன் நேர்மை. ஆசிரியர் இருவரும் தியானத்தில் தோய்ந்தவர்கள். எனினும் தம் துறையின் ஆய்வுகளைச் சல்லடையிலிட்டுச் சலிக்கின்றனர். தம் இளமைக்கால ஆய்வுகளின் குறைகளையும் மறைக்கவில்லை.

டேவிட்சன் குழுவினர் 2004-இல் திபெத்திய மரபில் பயின்ற எண்மரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தனர். கருணைத் தியானத்தின்போது காமா அலைகள் மிக வலுவாக எழுந்தன. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் 10,000 முதல் 50,000 மணி நேரம் தியானித்தவர்கள்! நாள்தோறும் இருபது நிமிடம் செபமாலை சொல்லும் நம் பாட்டிமார் 10,000 மணியை எட்ட 82 ஆண்டுகள் வேண்டும். எட்டு வாரப் பயிற்சியில் மூளையின் அமைப்பே மாறும் என்போர்க்கு ஒரு செய்தி: 218 பேரைக் கொண்டு டேவிட்சனும் பங்கேற்று 2022-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

எம்மைத் தொட்டது டானியா சிங்கரின் ஆய்வு. பிறர் வலியைத் தன் வலியாக உணர்வதும் அவர்பால் கருணை கொள்வதும் மூளையில் வெவ்வேறு தடங்களில் நிகழ்கின்றனவாம். பிக்கு மத்தியூ ரிக்கார் சோதனையில் வலியை மட்டும் உணர்ந்தபோது சோர்ந்தார். கருணைக்குத் திரும்பியதும் தெம்படைந்தார். நோயில்பூசுதல் வழங்கிவிட்டு நள்ளிரவில் வறண்ட நெஞ்சோடு திரும்பிய நாள்கள் எமக்குண்டு. இதை ஒரு பிக்குவிடம் கற்பதில் எமக்கு வெட்கமில்லை.

குறையும் உண்டு. புத்தர் வகுத்த நெறியில் சீலம் முதற்படி. தியானம் அதன்மேல் எழுவது. மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் வரும் தியானத்தில் சீலம் உதிர்ந்துவிடுகிறது. இவ்விழப்பை ஆசிரியர்கள் அறிந்திருந்தும், அதனை வேண்டிய அளவு எடைபோடவில்லை என்பது எம் கணிப்பு. பொய்க்கணக்கு எழுதுபவனும் மன அமைதியோடு எழுதக் கற்கலாமன்றோ? விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-இல் விடுத்த மடலும், உடல் தரும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதலென மயங்கலாகாது என எச்சரித்தது. பிற சமயங்களின் தியான முறைகளை அம்மடல் முற்றாக விலக்கவில்லை என்பதையும் நம் மக்கள் அறிதல் நலம்.

இனி, இளைஞரின் கேள்வி. மொன்றியலில் மரியோ போரிகார்டும் வின்சென்ட் பக்கெட்டும் 15 கார்மேல் சபைக் கன்னியரை எம்.ஆர்.ஐ. கருவியில் ஆய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். மூளையின் பல பகுதிகள் இயங்கின. 'கடவுளுக்குரிய இடம்' என்று தனித்து ஒன்றும் அகப்படவில்லை. இறைவனை நினைத்த நேரத்தில் வரவழைக்க இயலாது என்று அக்கன்னியர் சொல்லிவிட்டனர். ஆகவே, முன்பு தாம் பெற்ற இறையனுபவத்தைக் கண்மூடி நினைவுகூருமாறு ஆய்வாளர் கேட்டுக்கொண்டனர். கருவி பதிவு செய்தது அந்த நினைவைத்தான்.