டிக் அடித்தால் போதுமா? - அதுல் கவாண்டேயின் 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ'

மருத்துவமனைத் தர மேம்பாடு என்று ஏதாவது பயிற்சிக்குப் போனால், மதியச் சாப்பாட்டுக்குள் யாராவது ஒருத்தர் இந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். 2009-ல் வந்தது. நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். முதல் முறை புல்லரித்தது. இரண்டாவது முறை கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதானா என்று பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1935-ல் போயிங்கின் புது குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனை ஓட்டத்தில் விழுந்து நொறுங்கியது. இயந்திரக் கோளாறு இல்லை, ஒரு பூட்டை விடுவிக்க மறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகள் கைக்குப் பட்டியல் வந்தது. அதையே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார் கவாண்டே. உலக சுகாதார நிறுவனத்துக்காக 19 அம்சங்கள் கொண்ட பட்டியல். டெல்லி, மணிலா, லண்டன், டொராண்டோ உட்பட 8 நகரங்களில் சோதனை. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கு இறங்கின.

இனி மறுபக்கம். டொராண்டோ இருக்கும் அதே ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014-ல் வெளிவந்தது. முன்பு இறப்பு 0.71 சதவீதம், பின்பு 0.65. புள்ளியியல்படி இதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. ஒன்டாரியோவில் இறப்பு ஏற்கெனவே குறைவு, அங்கே இறங்க இடம் கம்மி என்று வாதாடலாம், சரிதான். ஆனால் முதல் சோதனையிலும் பட்டியல் இல்லாத மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்போ பட்டியல் வேலை செய்கிறதா இல்லையா? பதில் இந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, தலைப்பில்தான் இல்லை. மிச்சிகன் கதையைப் பாருங்க. பீட்டர் பிரோனோவோஸ்ட்டின் பட்டியல் ஐந்தே வரி: கையைக் கழுவு, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை, நோயாளியை முழுசாகப் போர்த்து, முகமூடி கையுறை மேலங்கி போடு, குழாய் செருகிய இடத்தை மூடு. இதோடு நிற்கவில்லை. ஒரு படியை டாக்டர் விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார்கள். நிர்வாகம் பின்னால் நின்றது. ஒவ்வொரு ஐசியுவுக்கும் ஒரு மூத்த நிர்வாகி மாதாமாதம் நேரில் வர வேண்டும். வந்து பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு ஐசியுவில்கூட அந்தக் குளோர்ஹெக்சிடின் சோப்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லை! சோப்பு இல்லாத இடத்தில் 'சோப்பால் துடை' என்று எழுதி ஒட்டி என்ன பிரயோஜனம்? நிர்வாகிகள் பார்த்ததால் சில வாரங்களில் அது வந்து சேர்ந்தது. 18 மாதத்தில், 1000 கதீட்டர் நாளுக்கு 7.7 என்றிருந்த தொற்றுச் சராசரி 1.4 ஆனது.

2011-ல் மேரி டிக்சன்-வுட்ஸ் குழுவினர் எழுதிய ஆய்வும் இதையே நிதானமாக விளக்குகிறது: மிச்சிகனின் வெற்றியைப் பட்டியல் மட்டும் தரவில்லை; ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்த மருத்துவமனைகளின் கூட்டமைப்பும், 'தொற்று தவிர்க்க முடியாதது' என்ற நினைப்பு மாறியதும் சேர்ந்து தந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் பிரோனோவோஸ்ட்டும் ஒருவர்.

என் கோபத்துக்கு வருகிறேன். சில வருடம் முன், நான் நர்ஸாக இருந்த ஒரு மருத்துவமனையில் தியேட்டர் பட்டியலை நிரப்புவது என் பொறுப்பு. ஒருநாள், எல்லோரும் ஒரு நிமிஷம் நின்று நோயாளி பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், "சிஸ்டர், அதையெல்லாம் நீங்களே போட்டுக்குங்க, நேரமாச்சு" என்றார் சர்ஜன். போட்டேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும், என் கையெழுத்தோடு. என்னிடம் பட்டியல் இருந்தது. "நிறுத்துங்க சார்" என்று சொன்னால் என் பின்னால் நிற்க ஆள் இல்லை.

விமான உவமை தடுக்குவதும் இங்கேதான். விமானம் விழுந்தால் விமானியும் சேர்ந்து விழுவார். தியேட்டரில் படுத்திருப்பவர் மட்டும்தான் விழுவார்.

கவாண்டேக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் கத்தியின் மேல் சின்ன உலோகக் கூடாரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்ததை ரசித்து எழுதுகிறார். நர்ஸ் சரிபார்த்துச் சொல்லும்வரை சர்ஜன் கத்தியைத் தொட முடியாது. தன் கையாலேயே ஒரு நோயாளியின் பெருஞ்சிரையைக் கிழித்துவிட்டதையும், பட்டியலில் கேட்டிருந்ததால் ரத்தம் தயாராக இருந்து அவர் பிழைத்ததையும் மறைக்காமல் சொல்கிறார். எத்தனை சர்ஜன்கள் இப்படி எழுதுவார்கள்? ஆனால் அந்தக் கூடாரத்தை வைக்கச் சொன்னவர் சக டாக்டர்களை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார், முதல் தடவை எதிர்ப்பு வந்தபோது என்ன செய்தார் என்பதைக் கடந்து போய்விடுகிறார். சேவை மேம்பாட்டுக்குத் தலைமை தாங்கக் கற்க வருபவருக்கு வேண்டியது அந்த அத்தியாயம்தான். அது எழுதப்படவே இல்லை.

அதனால் புத்தகத்தை வேண்டாம் என்கிறேனா? இல்லை, அவசியம் படிங்க. படித்து முடித்ததும் பட்டியல் அச்சடிக்க ஓடாதீங்க. முதலில் உங்க வார்டில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்க. பிறகு, அங்கே இருப்பதிலேயே இளைய நர்ஸிடம் தனியாகக் கேளுங்க: "டாக்டரை நிறுத்தச் சொல்ல உன்னால முடியுமா?" அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்பதையும் கவனியுங்க.