பழைய வைஃபை அட்டை, புதிய டெபியன்: எது தேறும்?

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டால் திரை, விசைப்பலகை, ஒலி எல்லாம் சொன்னபடி கேட்கும். வைஃபை மட்டும் முரண்டு பிடிக்கும். ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தைப் பக்கம் மலிவாக ஒன்றைப் பிடித்து வந்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். அந்தக் காலத்து அட்டைகள் மூன்றை மாற்றி மாற்றிப் பொருத்தி, டெபியன் 12இல் ஓட்டிப் பார்த்தேன்.

இன்டெல் 3945ஏபிஜி: 1972 முதல் பினாங்கில் ஆலை நடத்தும் நிறுவனத்தின் அட்டை, ஊர்ப்பாசத்தை ஒதுக்கிவிட்டே மதிப்பிடுகிறேன். 2023இல் வந்த டெபியன் 12 தேவையான ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துத் தருவதால் கை வைக்க வேலையில்லை. காகிதத்தில் 54 மெகாபிட்; கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும். அடுக்குமாடி வீட்டின் 2.4 நெரிசலில் அது பெரிய ஆறுதல்.

பிராட்காம் பிசிஎம்4312: மூன்றில் அதிகம் வேலை வாங்குவது இதுதான். இதன் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமம் இல்லாததால் டெபியனில் சேர்ந்து வராது. ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ இணையத்திலிருந்து இறக்கித் தரும். இணையம் வரவே இணையம் வேண்டும்! ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி ‘டெதரிங்’ போட்டால் சிக்கல் தீரும். நிறுவனத்தின் சொந்த ‘டபிள்யூஎல்’ இயக்கியும் உண்டு. 2015க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வராததால், ‘பி43’க்கே என் ஓட்டு.

ஏதெரோஸ் ஏஆர்9285: ‘ஏதிஎச்9கே’ இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேரே வேண்டாம். போட்டதும் வீட்டு ரூட்டரின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. 802.11என் ரகம், காகிதத்தில் 150 மெகாபிட். குறை, 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. அரை நீள அட்டை என்பதால், முழு நீள இடத்தில் திருகுத் துளை எட்டாது. நீட்டிப்புத் தகடு ஒன்று வேண்டும்.

மாற்றும்போது மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். கறுப்பு, வெள்ளை ஆன்டெனா கம்பிகளை நுனியைப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் குமிழ் பிய்ந்துவிடும். இன்னொன்று: சில மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். அட்டை வாங்குமுன் உங்கள் மாடலைத் தேடிப் பாருங்கள்.

தீர்ப்பு: ஏஆர்9285 முதலிடம், 5 கிகாஹெர்ட்ஸ் தேவையென்றால் 3945. சந்தையில் விலை பேசுமுன் யூஎஸ்பியிலிருந்து லினக்ஸைத் துவக்கி ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ அடியுங்கள். பிராட்காம் வரியில் பிசிஎம்4312இன் அடையாள எண்ணான 4315 தெரிந்தால், இன்னும் கொஞ்சம் ரிங்கிட் குறைத்துக் கேளுங்கள்.