அர்த்தம் சொல்பவர் யார்?

பெந்தேகோஸ்தே சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1906இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா தெருவில் தொடங்குவார்கள். நம் பக்கத்துக்காரர்கள் சிலர் மட்டும் 46 வருடம் பின்னால் போய், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பு வட்டாரத்திலுள்ள கிறிஸ்டியான்பேட்டையைக் காட்டுவார்கள். அசூசாவுக்கு முன்பே அந்நியபாஷை இங்கே வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அது சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. பேசியவர்களில் பெண்களும் சிறுமிகளும் இருந்தார்கள். வரலாற்றில் மிஞ்சியது ஒரு ஆணின் பெயர்.

அந்த ஆண், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், சாமானியர் அல்ல. பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர்; மிஷன் சம்பளத்தை ஏற்காமல் ஊழியம் செய்தவர்; அந்தக் கிராமத்தையே உருவாக்கியவர். 1860 மே மாதம் அங்கே எழுப்புதல் வெடித்தது. நடுங்கி விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், அந்நியபாஷை பேசினார்கள். அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து ஜி. ஹெச். லாங் 1939இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதில் அருளப்பனின் மகனும் ஒரு மகளும் வேறு மூவரும் உறவினர்களின் கிராமங்களுக்குப் போனதும், அங்கும் எழுப்புதல் பரவியதும் வருகிறது. அந்த மகள் என்ன பேசினாள்? அது அங்கே இல்லை. அவள் பேசினாள், தகப்பன் எழுதினார், லாங் தேர்ந்தெடுத்தார்.

இத்தனைக்கும் இது ஆண்டாளின் ஊர்ப்பக்கம். திருப்பாவையின் கடைசிப் பாட்டில் தகப்பனார் பெயரோடு சேர்த்தாவது தன் பெயரைப் பதித்துவிட்டுப் போனவள் அவள். 1905இல் கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் இதே போன்ற எழுப்புதல் நடந்தபோது மின்னி ஏப்ரம்ஸ் என்ற பெண் அதைப் பற்றி எழுதினார். அந்தப் புத்தகம் சிலி நாடுவரை போய் அங்கே சபை பிறக்கக் காரணமானது. பேனா யார் கையில் என்பது சின்ன விஷயமல்ல.

வேதத்திலேயே முடிச்சு இருக்கிறது. யோவேல் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்கிறார். 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரமோ அந்நியபாஷையைத் தடுக்காதே என்கிறது. அதற்குச் சில வசனங்கள் முன்புதான் பெண்கள் சபையில் பேசாதிருக்கட்டும் என்கிறது. அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதும் அதே அதிகாரம்தான். பேசுவது அவளல்ல, ஆவி என்று நம்புவதால்தான் அவளைப் பேச விடுகிறார்கள். அர்த்தம் சொல்பவரிடம் அதிகாரம் போய்விடுகிறது.

ராஜபாளையத்தில் ஒரு தகரக் கூரைச் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குச் சில மாதங்கள் போய் உட்கார்ந்தேன். பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். நூல் மில்லில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் உண்டு. மேடையில் போதகர். பாஸ்டரம்மா பாட்டு நடத்துவார், பிரசங்கம் செய்யமாட்டார். நகையைக் கழற்றச் சொல்லும் சபை அது. ஏழைப் பெண்ணுக்கு அவசரத்துக்கு அடகு வைக்க இருக்கும் ஒரே சொத்து அதுதான் என்பதை எந்தப் பிரசங்கமும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் நம் தோழிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் சாட்சி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, சம்பளம் ஏறும் ஏடிஎம் கார்டைப் புருஷன் பிடுங்கி வைத்திருக்கிறான், கேட்டால் அடிக்கிறான் என்று மைக்கில் சொன்னாள். தெருவில், மில்லில், பிறந்த வீட்டில் எங்கும் அவளால் சொல்ல முடியாதது. பிறகு ஜெபத்தில் அவளுக்கு அந்நியபாஷை வந்தது. போதகர் அர்த்தம் சொன்னார்: பொறுத்திரு, உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவார்கள்.

அன்று சாயங்காலமே சபையின் மூன்று அக்காமார் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஜெபிக்கத்தான் போனோம் என்றார்கள் என்னிடம். ஜெபம் முடிந்து கிளம்பும்போது கார்டு அவள் கையில் இருந்தது.