குற்றமும் நகையும்: ஊவாத் தோட்டத்து வாய்மொழி மரபு பற்றிய ஒரு நோக்கு

நகை பிறக்கும் நிலைக்களன்களைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் எள்ளலை முதற்கண் வைத்தார். எள்ளுவோர் யார், எள்ளப்படுவோர் யார் என்னும் வினாவை எழுப்பாது நகைச்சுவையை ஆராய்தல் அரைகுறை ஆய்வாகவே முடியும். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் வழங்கிவந்த பாடல்களையும் பழமொழிகளையும் நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

அவற்றுட் பல விக்டோரியா மகாராணியார் காலத்துச் (1837–1901) சூழலிற் கருக்கொண்டவை. அக்காலச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு அவற்றை விளங்கிக்கொள்ள இயலாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், தகுந்த காரணமின்றி வேலையை விட்டு நீங்குதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சம்பள இழப்பு, குற்றப்பணம், மூன்று மாதம் வரையிலான சிறை என்பன தண்டனைகள். குடிபோதை, பணிய மறுத்தல் என்பவற்றோடு துடுக்குப் பேச்சும் அச்சட்டத்தின் குற்றப்பட்டியலில் இடம்பெற்றமை ஈண்டுக் கூர்ந்து நோக்கற்பாலது. துரையின் முகத்துக்கு நேரே சொல்லப்படும் ஒரு கேலிச்சொல் ஒருவனைச் சிறைக்கு அனுப்பப் போதுமானதாயிருந்தது. எனவே நேரிற் சொல்ல இயலாத நகை பாட்டுக்குள்ளும் விடுகதைக்குள்ளும் புகுந்துகொண்டது.

எழுத்திலக்கியம் வேறு வழியிற் சென்றது. ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சேறியது. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டிலேயாம். அச்சேறிய கும்மி கோப்பியைப் பாடுபொருளாக்கியது. லயத்துப் பாடல்கள் கோப்பி மலையில் உழைத்தவரின் பாட்டையே பேசின. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் தொகுத்திராவிடில் மலையகப் பாடல்களிற் பல நமக்கு எட்டியிரா.

செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆட்கட்டிய பொய்யை மக்கள் மறக்கவில்லை. அதனை அழுகையாக அன்றி, தம் பேதைமையையே எள்ளும் நகையாக அவர்கள் வழங்கினர். முழுநாள் உழைத்தும் ‘அரைப்பேர்’ விழுவதைப் பாடும்போதும் இதே தொனி ஒலிக்கின்றது. ஏமாந்தவன் தன்னையே நகைத்து ஏமாற்றியவனை இனங்காட்டும் இம்முறை, அனுபவத்தால் விளைந்த அறிவாகும்.

‘துண்டு’ முறையும் இவ்வாறே. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. துண்டின்றி இரவோடிரவாக மலை தாண்டுவது ‘ஓட்டம்’. சட்டத்துக்கு அது குற்றம். லயத்துக்கோ அது சாமர்த்தியம்.

இவ்விடத்து ஆங்கில இலக்கியத்தை ஒப்புநோக்கலாம். டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் வேலையாள் சாம் வெல்லர் நகை ததும்பும் முதுமொழிகளால் தன் எசமானுக்கே உலகியல் கற்பிக்கின்றான். ‘ஒலிவர் ட்விஸ்ட்’ நாவலில் மூக்குத்தூள் பெட்டி திருடிய சிறுவன் நீதிமன்றத்தையே கேலி செய்து வாசகரைச் சிரிக்க வைக்கின்றான். ஆயினும் வேறுபாடு பெரிது. அச்சிறுவனின் நகையை ஓர் எழுத்தாளர் பாதுகாத்தார்; ஊவாத் தொழிலாளியின் நகைக்கு லயத்து நினைவைத் தவிர ஏடு இல்லை. மேலும், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் வழக்கத்தை இங்கிலாந்து 1875இல் நீக்கிற்று. இலங்கையில் அது நீங்க 1921 வரை, அதாவது மேலும் 46 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே முடியாட்சியின்கீழ் ஒரே செயல் ஓரிடத்திற் குற்றமன்று, மற்றோரிடத்திற் குற்றம்.

எனினும் இம்மரபைக் குறையற்றதெனப் போற்றுதல் விமர்சனமாகாது. பாடல்களின் எள்ளல் பெரும்பாலும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் சாடும் அளவுக்குத் துரையைச் சாடுவதில்லை. கைக்கெட்டியவனையே கேலி தீண்டிற்று. சில வேளைகளில் அது தம்மினும் எளியோரான பெண்கள் மீதே பாய்ந்தது. சிரித்து ஆறிய மனம் எதிர்த்து எழாமல் அடங்கிவிடுதலும் உண்டு. அச்சத்தால் திசைமாறிய நகை என இதனை விளக்கலாம். விளக்கம் மட்டும் குறையை நீக்கிவிடாது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் என் அம்மாயி, தம் முன்னோர் ஓடிய கதையைக் கேட்டறிந்தவாறு சொல்வார். இருட்டில் இறங்குகையிற் பானைக்குள் கிடந்த அகப்பை கடகடவென்று ஓசையெழுப்பிற்றாம். அவ்விடம் வரும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். பின்னர் பிடிபட்டார்களா என்று வினவினால் சிரிப்பு நின்றுவிடும். வேறு பேச்சு எடுப்பார்.

அச்சிரிப்பை மட்டும் பதிவு செய்து அம்மௌனத்தை விட்டுவிடும் தொகுப்பு நாட்டார் வழக்காற்றை வேடிக்கைப் பொருளாக்கிவிடும். நீதிமன்ற ஏட்டை மட்டும் நம்பும் வரலாறோ நம் முன்னோரைக் குற்றவாளிகளாகவே காட்டும். ஒவ்வொரு பாடலையும் யார், எங்கு, எவரை நோக்கிப் பாடினர் என்னும் குறிப்போடு சேர்த்துத் தொகுத்து, அக்காலச் சட்டத்தின் அருகே வைத்துப் படித்தல் வேண்டும். பாடல்களை நினைவில் வைத்திருப்போர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும் மாணவராகிய நாமே இப்பணியைத் தொடங்கத் தக்கவராவோம்.