இடப்பெயர்வும் தன்வரலாறும்: சிபில் கார்த்திகேசுவின் நினைவுநூலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

தமிழில் தன்வரலாறு என்னும் இலக்கிய வகை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வலுவாக வேரூன்றியது. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1950இல் நூலுருப் பெற்றது. திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’, நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’ ஆகியனவும் நாற்பதுகளில் வெளிவந்தவையே. சாமிநாதையர் நூலில் இடப்பெயர்வு பெறும் பொருள் ஈண்டு நோக்கத்தக்கது. மகனின் கல்வியை முன்னிட்டுத் தந்தை ஊர் ஊராகக் குடிபெயர்கிறார். மாயூரத்தில் ஆசிரியர் வாய்க்கிறார். கும்பகோணத்தில் உத்தியோகம் வாய்க்கிறது. ஊர் மாறுந்தோறும் வாழ்க்கை ஒரு படி உயர்கிறது. தன்வரலாறு பற்றிய நம் எதிர்பார்ப்பைப் பெரிதும் வடிவமைத்தது இவ்வமைப்பே எனலாம்.

மலேசியத் தமிழரின் வாழ்வு இடப்பெயர்வினாலேயே அமைந்தது. கடல் கடந்து வந்ததும், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதும், தோட்டங்களை விட்டு நகரோரம் குடியேறியதும் அதன் முக்கியக் கட்டங்கள். ஆயினும் இவ்வாழ்வு தமிழில் நாவலாகவும் சிறுகதையாகவும் எழுதப்பட்ட அளவுக்குத் தன்வரலாறாக எழுதப்படவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய, கிந்தா பள்ளத்தாக்கில் நிகழ்ந்த ஒரு வாழ்வின் நினைவுநூலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சிபில் கார்த்திகேசுவின் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் ஆங்கில நூலே அது. ஆசிரியர் மறைந்து ஆறாண்டுகள் கழித்து 1954இல் வெளிவந்து, 1983இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரால் மறுபதிப்புச் செய்யப்பட்டது. ‘இரக்கத்தின் துளியும் இல்லாத’ என்னும் பொருள் தரும் இத்தலைப்பு, ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்திலிருந்து பெறப்பட்டது.

நூலின் நிலப்பரப்பு

ஈப்போவுக்குத் தெற்கே, கோப்பேங் செல்லும் சாலையில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சிம்பாங் பூலாய். மலாய் மொழியில் ‘சிம்பாங்’ என்பது சாலைச் சந்தியைக் குறிக்கும். ‘பூலாய்’ என்பது நம் ஏழிலைப்பாலை இனத்தைச் சேர்ந்த மரம். இச்சந்தியிலிருந்து நோக்கினால் நூலின் களங்கள் யாவும் அண்மையிலேயே உள்ளன. வடக்கே ஈப்போ நகரின் புரூஸ்டர் சாலை (இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா). மேற்கே பாபான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூர். தென்மேற்கே பத்துகாஜா சிறைச்சாலை. ஒரு மணி நேரப் பயணத்துள் அடங்கிவிடும் இம்மூன்று இடங்களுக்கிடையேதான் இந்நூல் கூறும் இடப்பெயர்வு நிகழ்கிறது. கடந்த தொலைவு சிறிது. இழந்த இடமோ பெரிது.

வாழ்க்கைச் சுருக்கம்

சிபில் 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர். தந்தை அயர்லாந்து வழிவந்த தோட்டக்காரர். தாய் யுரேசிய மருத்துவச்சி. தாயின் தொழிலையே மகளும் ஏற்றுத் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் கோலாலம்பூர் செயின்ட் ஜான் தேவாலயத்தில் மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். கணவர் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர். ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்னும் இயற்பெயருடைய அவர், திருமணத்தையொட்டிக் கத்தோலிக்கரானவர். அதே ஆண்டில் பிறந்த முதற் குழந்தை ஒரு நாள்கூட உயிர்வாழவில்லை. வில்லியம் என்னும் சிறுவனை வளர்ப்பு மகனாக ஏற்றனர். பின்னர் ஓல்கா, டான் என்னும் இரு பெண்மக்கள் பிறந்தனர். 1921இல் குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. 1926 முதல் புரூஸ்டர் சாலை 141ஆம் எண் கட்டடத்தில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினர்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது குடும்பம் பாபானுக்குச் சென்றது. அங்கே முதன்மைத் தெருவின் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் நோயாளிகளைக் கவனித்தார். இரவில் காட்டிலிருந்து வந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. தடைசெய்யப்பட்ட வானொலிப் பெட்டியில் வெளிநாட்டுச் செய்திகளும் கேட்கப்பட்டன. 1943இல் கணவரும் அவரும் கைதாயினர். ஜப்பானிய இராணுவப் போலீசாரின் சித்திரவதைக்குப்பின் சிபில் பத்துகாஜா சிறையில் அடைக்கப்பட்டார். 1945இல் விடுதலை பெற்றுச் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வீரச்செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1948 ஜூன் 12ஆம் நாள் அங்கேயே காலமானார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், அடுத்த ஆண்டு ஈப்போவுக்குக் கொணரப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

சுருங்கும் இடம், சுருங்காத தொழில்

நாற்பத்தெட்டு ஆண்டு வாழ்வில் இந்நூல் தன் களமாகக் கொள்வது நான்காண்டுக் கால ஜப்பானிய ஆட்சியை மட்டுமே. மேடான், கோலாலம்பூர், ஈப்போவின் இருபதாண்டுத் தொழில் ஆகியன பின்புலமாகவே நிற்கின்றன. முழுமையான தன்வரலாற்றை எதிர்பார்த்து வருவோர் இதனைக் குறையெனக் கருதலாம். எனினும் நூலின் அமைப்பைக் கூர்ந்து நோக்கின், விடுபட்ட இருபதாண்டுகளும் வேறொரு வடிவில் அதனுள் இருப்பது புலனாகும். ஆசிரியர் தம் தொழிலை வரலாறாகக் கூறவில்லை; தொழிற்பழக்கமாகக் காட்டுகிறார். மருத்துவச்சிக்கு இரவு, பகல் இல்லை; கதவைத் தட்டுபவர் யார் எனக் கேட்ட பின்னரே திறப்பது என்னும் வழக்கமும் இல்லை. ஈப்போவில் பிரசவத்துக்காகத் திறந்த கதவே பாபானில் குண்டடிபட்டவருக்காகவும் திறக்கிறது. அவர் சரளமாகப் பேசிய காந்தோனீஸ் மொழி சீன நோயாளிகளின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது. காட்டுப் போராளிகளுடன் தொடர்பு வளர்ந்தபோது அதுவே துணைநின்றது. ஆகவே எதிர்ப்பு இயக்கத்தில் அவர் சேர்ந்ததைத் திடீர் மனமாற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. பழைய தொழிலின் தொடர்ச்சியாகவே அதனைக் கொள்ள இடமுண்டு.

‘என் சரித்திர’ அமைப்போடு ஒப்பிடுங்கால் இந்நூலின் தனித்தன்மை தெளிவாகும். சாமிநாதையருக்கு ஒவ்வோர் ஊர்மாற்றமும் உலகை விரிக்கிறது. சிபிலுக்கு ஒவ்வோர் இடமாற்றமும் இடத்தைச் சுருக்குகிறது. நகரத்துக் கிளினிக், சிற்றூர்க் கடைவீடு, போலீஸ் விசாரணை அறை, சிறைக் கொட்டடி என அவரது வெளி படிப்படியாகக் குறைகிறது. தொழில் குறித்த கடமையுணர்வு மட்டும் அதே அளவில் நிற்கிறது. இடப்பெயர்வை முன்னேற்றமாக மட்டுமே கூறிப் பழகிய தன்வரலாற்று மரபுக்கு இது ஒரு மாற்று வடிவம். தோட்டத்து லயத்திலிருந்து புறம்போக்குக் குடிசைக்கும், அங்கிருந்து அடுக்குமாடி வீட்டுக்கும் சென்ற குடும்பங்களின் வாழ்வை எழுத விரும்புவோர்க்கு இவ்வடிவமே பொருந்தக்கூடும்.

குடும்பமும் புகழும்

நூலில் மிகுதியும் பேசப்படுவது சிறுமி டான் பற்றிய பகுதி. தாயிடமிருந்து போராளிகளின் விவரங்களைப் பெறுவதற்காக, ஏழு வயதும் நிரம்பாத மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி அச்சுறுத்தினர். தாய் பணியவில்லை, குழந்தை உயிர் பிழைத்தது. பிற்காலத்து அறிமுகங்கள் பலவும் இந்நிகழ்ச்சியையே முன்னிறுத்துகின்றன. 2010இல் இவ்வாழ்வு மலேசியத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இங்குத் திறனாய்வாளர் நிதானிக்க வேண்டியுள்ளது. இந்நிகழ்ச்சியை வீரத்தாய் என்னும் பழகிய படிமத்துள் அடக்குவது எளிது. புறநானூற்று மறக்குடி மகளிரோடு ஒப்பிட்டு முடிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆயின் மறக்குடித் தாய் மகனைப் போருக்கு அனுப்புகிறாள். இச்சிறுமியை எவரும் எங்கும் அனுப்பவில்லை. தாயின் முடிவுக்குரிய விலையைக் கேட்டறியாத ஒரு குழந்தை செலுத்த நேர்ந்தது. இம்முரணைத் தீர்த்துவைக்காமல் வாசிப்பதே நூலுக்கு நேர்மை செய்வதாகும். வீரத்தை மட்டும் பிரித்தெடுத்தால், பாபானில் நாள்தோறும் நோயாளிகளைக் கவனித்த உழைப்பும், கணவர் பங்கும், ஊர் மக்களின் துணையும் மறைந்துபோகும்.

இந்நூல் யாருடையது?

கார்த்திகேசு என்னும் பெயரைக் கொண்டு இவரைத் தமிழ் வீராங்கனை எனப் போற்றுதல் உண்டு. அவர் மணவழியில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், பிறப்பால் யுரேசியர், எழுதியது ஆங்கிலத்தில். எனவே மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்நூலைச் சேர்த்தல் முறையன்று. ஆயினும் மலேசியத் தமிழர் வாழ்வை ஆராய்வோர் இதனை ஒதுக்கிவிடவும் இயலாது. இரயில்வே, எழுத்தர், மருத்துவப் பணிகளில் அமர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் உலகம் இதன் பின்புலமாக உள்ளது.

அதனினும் முக்கியமாக, தமிழில் எது எழுதப்படவில்லை என்பதை இந்நூல் காட்டுகிறது. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் மாண்டவர் பலர். அத்துயரம் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களின் வழியாகவே நம்மை வந்தடைந்தது. 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டப் பெண்கள் பலர் சேர்ந்தனர். நூலாக நிலைத்திருப்பனவோ லட்சுமி சாகலின் நினைவுகள், ராசம்மா பூபாலனின் வரலாறு போன்ற கல்வி பெற்றோர் வாழ்க்கைகள். பால்மரம் வெட்டிய பெண்ணொருத்தி ‘நான்’ எனத் தொடங்கிக் கூறும் நூல் மிக அரிது. ஆங்கிலக் கல்வியும் அரசின் அங்கீகாரமும் பதிப்பாளரும் வாய்த்தமையால் சிபிலின் குரல் நிலைத்தது. வாய்க்காதவர்களின் அனுபவத்தைப் பிறர் கதையாக்கினர்.

நாவல் இப்பணியைச் சிறப்பாகவே செய்துள்ளது. அதன் பெருமையைக் குறைப்பது நோக்கமன்று. ஆயினும் நாவலாசிரியர் பல வாழ்க்கைகளை இணைத்து ஒன்றாக்குவார். ஓர் ஆளின் நாள், ஊதியம், வீட்டு எண், இழந்த குழந்தை, மாறிய வேலை ஆகியவை அவரவர் பெயரில் நிற்க வேண்டுமெனில் தன்வரலாறே வேண்டும்.

முடிவுரை

தோட்டத் துண்டாடலுக்கு எதிராக, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விளைவாகக் குடியுரிமையற்றோர் பலர் தமிழகம் திரும்பினர். பின்னர் இரப்பர் அழிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்தன. இம்மாற்றங்களை நேரில் கண்டோரின் முதல் தலைமுறை மறைந்துவிட்டது; அடுத்த தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுள் தோட்டத்து டிரசராக, மண்டோராக, லாரி ஓட்டுநராக, கல்லுடைப்புத் தொழிலாளியாக, பள்ளி ஆயாவாக ஒரே வாழ்நாளில் பல தொழில் பார்த்தோர் உண்டு.

சிபிலின் நூல் காட்டும் வடிவம் இங்குத் தமிழாசிரியர்களுக்குப் பயன்படும். முழு வாழ்வையும் கேட்க வேண்டியதில்லை. ஓர் இடமாற்றத்தை மட்டும் கேட்கலாம். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், என்ன காரணம், எவற்றை எடுத்துச் சென்றனர், எவரை விட்டுச் சென்றனர், மறுநாள் என்ன வேலை கிடைத்தது என்பனவே வினாக்கள். விடைகளை அவரவர் பேச்சு வழக்கிலேயே, ‘நான்’ என்னும் சொல்லைத் திருத்தாமல் எழுதுதல் வேண்டும். சிம்பாங் பூலாய் போன்ற ஊர்களின் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் இதனைத் தொடங்கலாம். பல்கலைக்கழகத் துறைகள் தொகுத்துப் பாதுகாக்கலாம். மலேசியத் தமிழில் தன்வரலாறு பற்றிய அடுத்த ஆய்வுக்கு அத்தொகுப்பே மூலநூலாக அமையும்.