தோரோவின் எழுத்தில் சிறுமீன்

மீன்பிடித்தலைப் பொருளாகக் கொண்ட மேலைநாட்டு இலக்கியங்களுள் பெரும்புகழ் பெற்றவை பெரும்பாலும் பெருமீன்களைப் பற்றியனவே. ஹெர்மன் மெல்வில் 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலில் வெள்ளைத் திமிங்கிலம் ஒன்று வருகிறது. (திமிங்கிலம் மீன் இனத்தைச் சேர்ந்ததன்று என்பதை அறிந்திருந்தும் அந்நாவலின் கதைசொல்லி அதனை மீன் என்றே வாதிடுவது சுவையானதொரு பகுதி.) எர்னெஸ்ட் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' கதையில் படகினும் நீளமான மார்லின் மீன் வருகிறது. இவ்விரு நூல்களிலும் மனிதனின் பெருமை அவன் எதிர்த்து நின்ற உயிரின் பருமையால் அளக்கப்படுகிறது. போராட்டம் பெரிதானால் இலக்கியமும் பெரிதாகும் என்னும் எண்ணம் மாணாக்கர் உள்ளத்தில் வேரூன்றுவதற்கு இத்தகைய நூல்களே காரணம் எனலாம்.

ஆயினும், அமெரிக்க நாட்டில் தூண்டில் பிடிப்போருள் மிகப் பலர் தம் இளமையில் முதன்முதலாகப் பிடித்தது மார்லினும் அன்று, சால்மனும் அன்று. உள்ளங்கை அகலமுள்ள புளூகில், பூசணிவிதையின் பெயரால் வழங்கும் அதன் உறவுமீன், பெர்ச் போன்ற சிறுமீன்களையே அவர்கள் பிடித்தனர். துண்டமாக வெட்டாமல் முழுதாகவே வாணலியில் இட்டுப் பொரிக்கத்தக்க அளவினவாதலின் இவற்றை 'வாணலி மீன்' என்னும் பொருள்படும் பொதுப்பெயரால் அந்நாட்டார் வழங்குவர். மலேசிய வயல் வாய்க்கால்களில் செப்பாட், புயு ஆகியவற்றுக்கு உள்ள தகுதியே அங்கு இவற்றுக்கும் உண்டு. ஒரு கோல், சிறிது நூல், ஒரு தக்கை, ஒரு மண்புழு ஆகியவை போதும். நெடுநேரம் காத்திருக்க வேண்டுவதில்லை. புளூகில் தன் தட்டையான உடலை நீரோட்டத்துக்குக் குறுக்கே திருப்பி இழுப்பதால், அதன் அளவுக்கு மிஞ்சிய வலிமை கோலின் வழியே கையில் உணரப்படும். பாட்டனும் பேரனும் ஒரே கரையில் அமர்ந்து ஒரே அளவான வெற்றியைப் பெறத்தக்க விளையாட்டு இது. புளூகில் இனத்தில் இதுவரை பதிவான மிகப் பெரிய மீன் 1950இல் அலபாமா மாநிலத்தில் பிடிபட்டது; அதன் எடையே 4 பவுண்டு 12 அவுன்சுதான். இத்தகைய மீனை வைத்து வீரகாவியம் பாட இயலாது. அவ்வாறாயின் இச்சிற்றின்பத்துக்கு உயர்ந்த இலக்கியத்தில் இடமே இல்லையா என்னும் வினா எழுகிறது. ஹென்றி டேவிட் தோரோவின் எழுத்து அவ்வினாவுக்கு விடை தருகிறது. அவ்விடை முழு மகிழ்ச்சியும் அன்று என்பதே அதன் சிறப்பு.

தோரோவுக்கு முன்னோடியாக ஆங்கிலத்தில் ஐசக் வால்டன் உளர். (இவருடைய பெயருக்கும், தோரோவால் புகழ்பெற்ற வால்டன் குளத்தின் பெயருக்கும் ஒலியொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை.) மன்னர் முதலாம் சார்லசு கொல்லப்பட்டு நான்காண்டுகளே கழிந்திருந்த 1653இல், அரசியல் கொந்தளிப்பு ஓயாத நாட்டில், ஐசக் தம் தூண்டில் நூலை வெளியிட்டார். பலர் ஒதுக்கிய முள் மிகுந்த சப் மீனையும் அவர் புறக்கணிக்கவில்லை. அதனைச் சமைத்து உண்ணும் முறையை அன்புடன் கற்பிக்கிறார். சிறுமீனுக்கு இலக்கியத் தகுதி தந்த பெருமை அவரைச் சாரும். எனினும் அவருடைய இனிய நடையில் ஒரு கறையும் உண்டு. உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோக்கும் முறையைக் கூறுமிடத்து, அதனிடம் அன்புடையவர்போல நடந்துகொள்ளுமாறு அறிவுறுத்துகிறார். தவளை நெடுநேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அவ்வன்பின் நோக்கம். கவிஞர் பைரன் 'டான் ஜுவான்' காவியத்தின் 13ஆம் காண்டத்தில் ஐசக்கைக் கடுமையாகச் சாடியது வியப்பன்று. மென்மை சொல்லில் இருக்கிறது. முள் செயலில் இருக்கிறது. இம்முரண்பாட்டை ஐசக் உணர்ந்ததாகவே தோன்றவில்லை. தோரோ உணர்ந்தார்.

தோரோ 1817இல் மாசசூசெட்சு மாநிலத்தின் கான்கார்டு என்னும் ஊரில் பிறந்தவர். 1839இல் தம் தமையன் ஜானுடன் தாமே அமைத்த படகில் கான்கார்டு, மெரிமாக் ஆறுகளில் பயணம் செய்தார். 1842இல் ஜான் இசிவுநோயால் இறந்தார். அப்பயணத்தை 'கான்கார்டு, மெரிமாக் ஆறுகளில் ஒரு வாரம்' என்னும் நூலாக எழுதி 1849இல் தோரோ வெளியிட்டார். அச்சிட்ட 1,000 படிகளுள் 706 படிகள் விற்காமல் 1853இல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. ஆற்றுப் பயணத்துக்கு அழைத்துவிட்டு இடையிடையே வேறு பொருள்களைப் பேசுகிறார் என்று ஜேம்சு ரசல் லோவல் அக்காலத்திலேயே குறைகூறினார். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. சமயம் பற்றியும் நட்பு பற்றியும் வரும் நீண்ட பகுதிகள் பொறுமையைச் சோதிக்கின்றன. ஆனால் 'சனிக்கிழமை' என்னும் முதற்பயண இயலில் வரும் மீன்பட்டியலையும் அக்குறையோடு சேர்த்துத் தள்ளிவிடுவது பெரும்பிழை. பயணக் கதையை நிறுத்தி, ஆற்றில் வாழும் மீன்களை ஒவ்வொன்றாக விவரிக்கும் அப்பகுதியே நூலின் உயிர்ப்பகுதி.

அங்கு முதலிடம் பெறுவது சூரியமீன், பிரீம் எனப் பல பெயர்களால் வழங்கும் எளிய மீன். இன்றைய வழக்கில் பூசணிவிதை மீன் எனப்படுவதும் புளூகிலின் நெருங்கிய உறவினமும் இதுவே. கரையோர மணலில் களைகளை அகற்றி, இரண்டடி அகலமும் அரையடி ஆழமும் உள்ள குழிகளாக அது கூடமைக்கும் முறையையும், சிறிது தொலைவுக்குள்ளேயே இருபது முப்பது கூடுகள் காணப்படுவதையும் தோரோ எண்களோடு கூறுகிறார். முட்டைகளை நாடி வரும் பிற மீன்களைச் சில அடி தூரம் துரத்திவிட்டு உடனே கூட்டுக்குத் திரும்பும் அதன் காவலைப் பொறுமையுடன் நோக்குகிறார். பின்னர் நீரில் இறங்கி அரைமணி நேரம் அதன் அருகில் நிற்கிறார்; அதனைத் தடவுகிறார்; தம் விரல்களை அது கொறிக்கவும் விடுகிறார். முட்டையை நோக்கிக் கை நெருங்கும்போது அது சினத்தால் முதுகுத் துடுப்பை நிமிர்த்துவதைக் காண்கிறார். இறுதியில் அதனைக் கையாலேயே நீரினின்றும் எடுக்கிறார்.

இவ்விடத்தில் தோரோ கையாளும் நடை ஆசிரியர்கள் வகுப்பில் நிறுத்திக் கற்பிக்கத்தக்கது. எத்துணைத் திறமையுடையதாயினும் திடீர் அசைவு பயன்படாது என்கிறார்; நீர் செறிவுடையதாதலின் அசைவு உடனே மீனுக்கு எட்டிவிடும். மீன் உள்ளங்கைக்கு மேல் நிலைகொண்டிருக்கும்போது விரல்களைச் சிறிது சிறிதாக மூடி, மிக மெதுவாக மேலே உயர்த்த வேண்டும். அவ்வாக்கியமும் அவ்வாறே மெதுவாக நகர்கிறது. ஒரு தொடரை அடுத்த தொடர் அணைத்துச் செல்கிறது. உணர்ச்சியைப் பெயரிட்டுக் கூறும் சொல் ஒன்றேனும் இல்லை. தூண்டில்காரன் பெறும் இன்பங்களான அணுக்கம், தொடுகை, கையில் துடிக்கும் உயிர் ஆகிய மூன்றும் முள் இல்லாமலே இங்குப் பெறப்படுகின்றன. ஐசக் சொல்லளவில் காட்டிய மென்மையைத் தோரோ விரலளவில் காட்டுகிறார் எனலாம். அடுத்து மீனின் அழகைப் புதிதாக வார்த்த நாணயத்தின் ஒளியோடு ஒப்பிடுகிறார். செல்வத்தை மதியாதவர் என்று பெயரெடுத்த ஒருவருக்கு அவ்வுவமை பொருந்தவில்லை. பளபளப்பு ஒன்றுதான் அதற்குத் தரும் நியாயம்.

இதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. கரைக்கு மிக அருகில் அமைந்த கூடுகள் பல, ஆற்று நீர் வடிந்ததும் சில நாள்களில் வறண்டு போகின்றன என்கிறார் தோரோ. அதற்காக அவர் வருந்தவுமில்லை, அறம் உரைக்கவுமில்லை. இந்நூலில் தமையனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்பதை அறிந்த வாசகர், காத்தும் காக்க முடியாமற்போன அக்கூடுகளைக் கடந்து எளிதில் செல்ல மாட்டார்.

தோரோவுக்குப் பின் வளர்ந்த மீனியல் இப்பகுதிக்கு மேலும் ஒரு கூர்மையைத் தந்திருக்கிறது. பூசணிவிதை மீனானாலும் புளூகிலானாலும் கூட்டை அமைப்பதும் முட்டையையும் குஞ்சையும் காப்பதும் ஆண்மீனே. கூட்டின்மேல் நிற்கும் ஆண்மீன் அருகில் வரும் எதனையும் தாக்கும். தூண்டில் இரையையும் அவ்வாறே தாக்கும். கோடைத் தொடக்கத்தில் புளூகில் எளிதாகக் கிடைக்கிறது என்று தூண்டில்காரர் மகிழ்வதன் காரணம் இதுவே. ஆண்மீன் அகன்றால் முட்டைகள் மற்ற மீன்களுக்கு இரையாகின்றன. காவல் காக்கும் பெரிய ஆண்மீன்கள் தொடர்ந்து பிடிக்கப்படும் ஏரிகளில், எஞ்சியவை சிறிய அளவிலேயே பருவமடைந்து, அங்குள்ள மீன்கள் மொத்தத்தில் சிறுத்துவிடுவதும் உண்டு. எனவே, சிறுமீன் பிடிக்கும் இன்பத்தின் ஒரு பகுதி அம்மீனின் தந்தைமையைப் பயன்படுத்திக் கொள்வதாகும். தோரோவின் கை எந்தக் காவலைச் சோதித்து விட்டுவிட்டதோ, அந்தக் காவலைத்தான் தூண்டில் தனக்கு வாய்ப்பாகக் கொள்கிறது.

தோரோ தூண்டில் பிடியாதவரல்லர். 1845 முதல் 1847 வரை குளக்கரையில் வாழ்ந்த வாழ்வைக் கூறும் 'வால்டன்' 1854இல் வெளிவந்தது. அதன் 'குளங்கள்' இயலில், நிலவொளியில் படகை நிறுத்தி நாற்பதடி ஆழத்தில் நூல் விட்ட இரவுகளை அவர் நினைவுகூர்கிறார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான சிறு பெர்ச் மீன்கள் வாலால் நீர்ப்பரப்பைச் சுழிக்கின்றன. அவர் எண்ணமோ விண்ணில் அலைகிறது. நூலில் எழும் மெல்லிய அதிர்வு அவரை மண்ணுக்கு இழுக்கிறது. மேல்நோக்கியும் தூண்டில் வீசலாம் போலும் என நினைக்கிறார். தூண்டிலின் இன்பத்தை இதனினும் நுட்பமாகக் கூறியவர் அரியர். ஆனால் அவ்விடத்திலேயே, மேலே இழுக்கப்பட்ட கொம்புக் கெளுத்தி ஒன்று கிறீச்சிட்டு நெளிகிறது. தோரோவின் செவி அதனைக் கேட்கிறது. அவர் எழுதுகோல் அதனைக் குறித்துவிட்டு விரைந்து வானத்துக்குத் திரும்புகிறது.

அக்குரலுக்கு விடை கூறுவதுபோல் அமைந்தது அந்நூலின் 'உயர்நெறிகள்' என்னும் இயல். மீன் பிடிக்கும்போதெல்லாம் தம் மதிப்பில் தாமே சிறிது தாழ்வதாக அவர் அங்கு ஒப்புக்கொள்கிறார். அதே இயலில், இளைஞர் காட்டையும் ஆற்றையும் அறிவதற்குத் தூண்டிலும் துப்பாக்கியும் நல்ல தொடக்கம் என்றும், காட்டில் வாழ நேர்ந்தால் தாம் மீண்டும் மீனவனாகக்கூடும் என்றும் கூறுகிறார். இம்முரண்பாடு குறையன்று, நேர்மை. குறை வேறிடத்தில் இருக்கிறது. புலாலுணவின் தூய்மையின்மை பற்றியும் உடலின் இழிவு பற்றியும் அவர் விரித்துரைக்கத் தொடங்கியதும் மீன் மறைந்துவிடுகிறது. போதகர் மட்டுமே எஞ்சுகிறார். 'சனிக்கிழமை' இயலில் விரல்கள் செய்த வேலையை இங்கு வாதங்களால் செய்ய இயலவில்லை.

தமிழ் மாணாக்கர் இவ்விடத்தில் குறுந்தொகையின் 54ஆம் பாடலை நினைவுகூரலாம். அப்பாடலின் உவமையாலேயே புலவர் மீனெறி தூண்டிலார் எனப் பெயர் பெற்றார். தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை, தான் வளைத்த மூங்கிலைக் கைவிடுகிறது. மீனைக் கவர்ந்த தூண்டில்போல் மூங்கில் மேலெழுகிறது. மீனின் இனமோ அளவோ கூறப்படவில்லை. கோலின் எழுச்சி ஒன்றே கூறப்படுகிறது. தூண்டில்காரனின் இன்பமும் அந்த எழுச்சியில்தான் உள்ளது. ஆயினும் அவ்வுவமையைப் புலவர் தூண்டில்காரனின் வாயில் வைக்கவில்லை. தன் நலனைத் தலைவனிடம் இழந்து தனித்து நிற்கும் தலைவியின் வாயில் வைத்துள்ளார். எடுப்பவனின் இன்பமும் இழந்தவளின் துயரும் ஒரே உவமையில் அடங்கியுள்ளன எனக் கொள்ளலாம். தோரோவுக்குப் பக்கம் பக்கமாகத் தேவைப்பட்டதை இச்சிறுபாடல் ஒரே உவமையில் முடித்துவிடுகிறது. ஆனால் மீனின் பக்கம் நின்று பார்க்கும் முயற்சி அப்பாடலின் நோக்கமன்று. அது தோரோவுக்கே உரியது.

அம்முயற்சியின் தொலைவான எல்லை 1858ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து நாட்குறிப்பில் காணக்கிடைக்கிறது. தாம் நன்கறிந்ததாக எண்ணியிருந்த வால்டன் குளத்தில், குறுக்குக் கோடுகளையுடைய சிறிய பிரீம் மீனினம் ஒன்றை அவர் அவ்வாண்டில்தான் கண்டார். தாம் பல்லாண்டுகள் பழகிய நீரில் அது யாரும் அறியாமல் வாழ்ந்திருக்கிறது என்பதே அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதற்குப் பெயரிடுவதும் அளவெடுப்பதும் அவருக்குப் போதவில்லை. அதனால் என்ன பயன் என்னும் கேள்வியையும் அவர் ஏற்கவில்லை. 1862இல் அவர் மறைந்து, 1906இல் நாட்குறிப்புகள் பதினான்கு தொகுதிகளாக அச்சேறிய பின்னரே இப்பகுதி பரவலான வாசகரை எட்டியது. தூண்டிலும் இல்லை, நீட்டிய கையும் இல்லை. அம்மீனின் பக்கத்தில் தம் எண்ணத்தை நிறுத்தி, ஒரு கணம் ஒரு பிரீம் மீனாகச் சிந்திக்க முயல்வதாக மட்டும் அதில் தோரோ எழுதியிருக்கிறார்.